நல்

தெருவை அழிக்கச் சொல்லி மெயில் வந்திருந்தது.
கங்காதரன் தோட்டம் நான்காவது சந்து, குறியீடு 4417.
கீழே ஒரு வரி: இடம் காலி, உடனே நீக்கவும்.

தரமணியில் ஆறாவது மாடி.
ஏசி குளிருக்குத் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
ஒரே ஒரு வாக்கியம் அடித்தேன்.
நீக்கு, 4417.

முடியாது என்றது.

சிவப்பில், ஆங்கிலத்தில், கொஞ்சம் மரியாதையில்லாமல்.
இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வேறு வரிசைகள் நிற்கின்றனவாம்.
அறுபத்து மூன்று வீடுகள்.
ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் 4417.

ஃபாரின் கீ என்பார்கள் இதை.
துபாயிலிருந்து பெட்டியில் வந்த சாவி இல்லை.
என் பூட்டின் சாவி உன் வீட்டு ஆணியில் தொங்குகிறது,
அதனால் ஆணியைப் பிடுங்காதே.
அவ்வளவுதான் சட்டம்.

சரி, வீடுகளை முதலில் எடுப்போம் என்று போனால்
வீடுகளைப் பிடித்துக்கொண்டு குடும்ப அட்டைகள்,
அட்டைகளைப் பிடித்துக்கொண்டு லாரி நடைகள்,
நடைகளைப் பிடித்துக்கொண்டு புகார்கள்.
கிணற்றில் பாதாளக்கரண்டி விட்ட மாதிரி
இழுக்க இழுக்க ஏதாவது மாட்டிக்கொண்டு வந்தது.
பழைய எண் 17, புதிய எண் 42, தேசம்மா:
குடத்துத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை.
நிலை: விசாரணையில்.
பதினோரு மாதமாக விசாரணையில்.

டென்சிங் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
கேஸ்கேட் போடு, என்றான்.
தலையை வெட்டினால் வால்வரை தானாகப் போய்விடும்.
ஒரு என்டர். சாப்பிடப் போகலாம்.

அது எனக்குத் தெரியும்.
போன மார்கழியில் கால்வாய்ப் பாலத்தில் பஸ் நின்றபோது
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
அந்த மஞ்சள் இயந்திரம்
உன்னைப் பிடித்துக்கொண்டு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று
ஒரு சுவரிடமும் கேட்கவில்லை.
சுவரில் காலண்டர் இருந்தது, தட்டு ஸ்டாண்டு இருந்தது.
சிவப்பில் எந்தச் செய்தியும் வரவில்லை.
ஏழு நிமிடத்தில் பஸ் கிளம்பியது.
நான் சில்லறை தேடினேன்.

அப்படியானால் நல் போடேன், என்றாள் ஃபர்ஸானா.
வீடுகள் இருக்கட்டும், தெருக் கட்டத்தை மட்டும் காலி செய்.

இங்கே நல் என்றால் பூஜ்யம்கூட இல்லை.
தெரியாது, அவ்வளவே.
தமிழில் அதே ஓசைக்கு
நல்வரவு, நல்வாழ்வு,
நீரோடு சேரும்போது மட்டும் உருகி நன்னீர்.

அறுபத்து மூன்று வீடுகளும் தெருவில்லாமல்
திரையில் மிதப்பதைப் போட்டுப் பார்த்தேன்.
பெரும்பாக்கத்து எட்டாவது மாடி,
லிஃப்ட் ஓடாத ஒரு நாளில்
இப்படித்தான் இருக்கும் போல.
ரோல்பேக் அடித்தேன்.

கருணை என்று எழுதிவிட வேண்டாம்.
மணி பதினொன்று. கடைசி ஷேர் ஆட்டோ போய்விடும்.

விடிகாலை ஐந்தரைக்கு ஃபோன்.
லாரி ஓட்டுநர் தணிகாசலம்.
மேடம், சிஸ்டம் நடைச்சீட்டு குடுத்திருக்கு,
நாலாவது சந்துக்கு ஒம்போதாயிரம் லிட்டர்.
வந்து நிக்கிறேன், இங்க சந்தே இல்ல,
தகரம் அடிச்சு மறைச்சிருக்காங்க.
முன்னெல்லாம் ஓட்டலுக்கு விட்டுட்டுப் போயிடுவேன்,
இப்ப வண்டியில ஜிபிஎஸ் மாட்டிட்டாங்க.
தண்ணிய என்ன பண்ண?

திருப்பிக் கொண்டுவந்தாலும் நடை முடியாது.
பெற்றவர் என்ற கட்டத்தில் ஓர் எண் இருந்தே ஆக வேண்டும்.
அதை மட்டும் நல்லாக விட ஒத்துக்கொள்ளாது.
அந்த விதியை எழுதியவள் நான்,
மூன்று வருடம் முன்பு, திருட்டைத் தடுக்க.

அங்கே யாருமே இல்லையா, என்றேன்.
இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.
வால்வைத் திறக்கட்டுமா மேடம், என்றார்.

தேசம்மாவின் எண்
எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.